இடப்பக்கம் திருப்பினால் நின்றுவிடும் வண்டி

அத்தான் பனியில் முழங்காலிட்டு, ஒரு ஸ்பார்க் பிளக்கை எஞ்சினின் இரும்போடு அழுத்திப் பிடித்திருக்கிறார். வெயிலில் பொறி தெரியாது என்பதால் ஜாக்கெட்டைக் கழற்றி மேலே போட்டு, அதற்குள் தலையை நுழைத்திருக்கிறார். நான் கயிற்றை இழுக்கிறேன். "இருக்கு" என்கிறார். மறுபடி இழுக்கிறேன். "இப்ப இல்லை" என்கிறார். 2012ஆம் ஆண்டுக் குளிர்காலத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இந்தக் காட்சிதான்.

அத்தான் என் அக்காவின் கணவர். படகில் ஆஸ்திரேலியாவுக்கு வந்து, தடுப்பு முகாமில் இருந்து, தற்காலிக விசாவில் வெளியே விடப்பட்டவர். அக்காவும் பிள்ளைகளும் வவுனியாவில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட அவருக்கு வழியில்லை. போய்ப் பார்க்கலாம் என்றால், போனவர் திரும்பி வர முடியாது. மெல்பேர்ணின் மல்கிரேவில் எங்கள் வீட்டின் பின்னறையில் தங்கியிருந்தார். புல்வெட்டும் மெஷின், மரம் அறுக்கும் வாள், ஜெனரேட்டர் எல்லாம் திருத்துகிற ஒரு சின்ன வேர்க்‌ஷொப்பில் நான் வேலை செய்தேன். அவரையும் அங்கேயே சேர்த்துவிட்டேன்.

மெல்பேர்ணில் பனி விழுவதில்லை. அதனால் அந்த ஸ்னோமொபைல் டிரெய்லரில் வந்து இறங்கியபோது எல்லோரும் வெளியே வந்து பார்த்தோம். முன்னால் இரண்டு சறுக்குப் பலகை, பின்னால் அகலமான ரப்பர்ப் பட்டி, மோட்டார்சைக்கிளுக்கு இருப்பதுபோல் ஒரு கைப்பிடி. சில மணிநேரத் தூரத்திலுள்ள மலையில், சறுக்கி விழுந்து அடிபட்டவர்களை ஏற்றி இறக்குகிற பழைய வண்டி. ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுகிறது என்றார்கள். எங்களிடம் அது ஒருமுறைகூட நிற்கவில்லை. பிளக்குகளை மாற்றி அனுப்பினோம், மலையில் நின்றது. பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கிற கொயில்தான் பழுது என்று நான் அடித்துச் சொன்னேன், அதையும் மாற்றினோம், மறுபடியும் நின்றது. ஈரம் இறங்குகிறது என்றார் அத்தான். அதுவும் இல்லை. கடைசியில் முதலாளி, "மலைக்கே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று எங்கள் இருவரையும் அனுப்பினார்.

மலையில் மீட்புக் குழுப் பெண் ஒருத்தி வண்டியைக் காட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனாள். பொறி ஒருமுறை வந்தது, ஒருமுறை வரவில்லை. காரணம் பிடிபடாமலே பிளக்கைத் திரும்பப் பூட்டினோம். எஞ்சின் பிடித்தது. அது ஓடிக்கொண்டிருக்கும்போது அத்தானின் ஃபோன் அடித்தது.

"சொல்லுங்கோ அம்மா" என்றார். பிறகு "ஓம்" என்றார். பிறகும் "ஓம்". ஒரு கையில் ஃபோன், மறு கை வண்டியின் கைப்பிடியில். அவருடைய உடம்பின் பாரம் முழுவதும் மெதுவாக அந்தக் கையில் இறங்கியது. கைப்பிடி இடப்பக்கம் திரும்பியது. எஞ்சின் நின்றது. அந்த அமைதியில், ஃபோனுக்குள் அவருடைய தாயார் அழுவது எனக்குக் கேட்டது. சொற்கள் விளங்கவில்லை.

"விளங்குது அம்மா. பிறகு எடுக்கிறன்" என்று சொல்லி ஃபோனைப் பையில் வைத்தார். கொஞ்ச நேரம் கைப்பிடியையே பார்த்துக்கொண்டு நின்றார். அதை நேராக்கினார்.

"இழு."

இழுத்தேன். பிடித்தது. இடப்பக்கம் திருப்பினார். நின்றது.

"வயர்" என்றார்.

கைப்பிடிக்குக் கீழே, எஞ்சினை நிறுத்துகிற சுவிட்சிலிருந்து வருகிற வயர் இரும்பில் உரசி உரசித் தோல் போயிருந்தது. இடப்பக்கம் திருப்பும்போது செம்பு இரும்பைத் தொடும்; பொறி போய்விடும். வேர்க்‌ஷொப்பில் நிறுத்தி வைத்த வண்டியின் கைப்பிடியை யார் திருப்பிப் பார்த்தார்கள்? அத்தான் கையுறையைக் கழற்றிவிட்டு டேப்பைச் சுற்றினார். விரலை எதுவோ வெட்டியிருந்தது. "அத்தான், ரத்தம்" என்றேன். பார்த்தார். "தெரியேல்லை" என்றார்.

பிறகு வண்டியில் ஏறி, மலைச்சரிவில் இடமும் வலமுமாகத் திருப்பி ஓட்டிக்கொண்டு மரங்களுக்குப் பின்னால் மறைந்தார். சத்தம் மட்டும் கேட்டது. அது நின்றுவிடக் கூடாது என்று நான் நின்றுகொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. "இனி நிக்காது" என்றார்.

மலையை விட்டு இறங்கி வெகுதூரம் வந்த பிறகுதான் காரில் சொன்னார். "தம்பியின்ர படகு தண்ணிக்குள்ள தாண்டு போச்சாம். சனம் கதைக்குதாம்." அவருடைய ஒரே தம்பி இங்கே வரப் படகேறியதே எனக்கு அப்போதுதான் தெரியும். "நீங்களோ வரச் சொன்னனீங்கள்?" என்று கேட்டுவிட்டேன். "வா எண்டும் சொல்லேல்லை. வராதை எண்டும் சொல்லேல்லை" என்றார். அழவில்லை. நானும் அழவில்லை. இருவருக்கும் கைகால் இன்னும் மரத்தே இருந்தன.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது தாயார் மறுபடி ஃபோன் செய்தார். மூழ்கினது வேறு படகாம், தம்பி அதில் ஏறவில்லையாம், யாரோ சொன்னார்களாம். அத்தான் அதற்கும் "ஓம்" என்றார். அடுத்த நாள் வேலைக்குப் போனோம். பிறகு விசாரிக்கக்கூடிய இடமெல்லாம் விசாரித்தோம். உடல் இல்லை, பெயரும் இல்லை. இறுதிக் கிரியை செய்வோமா என்று அக்கா அங்கே கேட்டதற்கு, "உயிரோட இருக்கிற பிள்ளைக்கோ?" என்று மாமி, அத்தானின் தாயார், சீறினாராம். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

ஆண்டுகள் போய் அத்தானுக்கு நிரந்தர விசா கிடைத்தது. அக்காவும் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். பிள்ளைகள் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்கிறார்கள். போன ஞாயிறு அவர்கள் வீட்டுக் குசினியில் நானும் அத்தானும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். ஊரிலிருந்து மாமி ஃபோன் செய்தார். இப்போது காது சரியாகக் கேட்பதில்லை, அதனால் ஸ்பீக்கரில் உரத்துப் பேசினார். பேரப்பிள்ளைகளை விசாரித்தார், அக்காவின் முழங்கால் வலியை விசாரித்தார். பிறகு, ஒவ்வொரு கிழமையும் கேட்பதைக் கேட்டார்.

"தம்பி ஃபோன் எடுத்தவனோ?"

"இன்னும் இல்லை அம்மா" என்றார் அத்தான். "அங்க மழையோ?"