மேசையில் விழுந்த பதினேழு அடி

வரலாற்றுத் துறையில் அவளைக் காதம்மா என்றுதான் கூப்பிடுவோம். ஒன்பது முதல் ஐந்து வரை காதில் ஹெட்போன். பழைய சிறைக் காவலர்களும் கைதிகளும் பேசிய ஒலிப்பதிவுகளைக் கேட்டு, ஒன்றுவிடாமல் தட்டச்சு செய்வது அவள் வேலை. இருமினால் இருமல், சிரித்தால் சிரிப்பு, எல்லாம் எழுத்தில் வந்தாக வேண்டும். நூலகத்தில் அவற்றை அடுக்கி வைப்பவன் நான்.

ஒரு திங்கட்கிழமை அந்த ஆய்வுக்கான நிதியைப் பல்கலைக்கழகம் நிறுத்தியது. "செத்தவன் கதையால என்ன லாபம்?" என்று கேட்டாராம் நிதிக்குழுத் தலைவர். வெள்ளி மதியம் பன்னிரண்டுக்குள் முடிந்த தாள்கள் நூலகத்துக்கு வரலாம். மீதிப் பதிவுகளை அழித்துவிட்டு, கம்ப்யூட்டர்களை வணிகவியல் துறைக்குக் கொடுக்க வேண்டும்.

வியாழக்கிழமை அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வாந்தி எடுத்தாள். பதிவில் ஓய்வுபெற்ற காவலர் ஒருவர், தாங்கள் அடித்தே கொன்ற ஒரு கைதியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். இடது கைக்காரன், அச்சகத் தொழிலாளி, நெற்றியில் தழும்பு. அவளுடைய அண்ணன். குடித்துவிட்டுப் படியில் விழுந்து செத்தான் என்று இருபத்திரண்டு வருடத்துக்கு முன் சிறையிலிருந்து காகிதம் வந்தது. அதை நம்பிய அப்பா, பிணத்தின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டு போம்மா" என்றேன்.

"வீட்ல இருந்தா அது என் புலம்பல்ண்ணே. நூலகத்துல இருந்தாத்தான் சாட்சி."

சம்பளப் பட்டியலை ஒருநாளும் நேரத்துக்கு அனுப்பாத அலுவலகக் கண்காணிப்பாளர், வெள்ளியன்று அரைமணி முன்னதாகவே இரண்டு ஆட்களோடு வந்துவிட்டார்.

"எந்திரிம்மா."

"இன்னும் ஒன்பது நிமிஷப் பதிவு இருக்கு சார். மணி பன்னெண்டு ஆகல."

அவர் ஒயரைப் பிடித்து இழுக்கப் பார்த்தார். அவள் அவர் கையைக் கவ்விக் கடித்தாள்; ரத்தம் வரும்வரை விடவில்லை. அவர் விட்ட அறையில் அவள் மூக்கு உடைந்து ரத்தம் கீபோர்டில் சொட்டியது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. இரும்பு ஸ்டூலைத் தூக்கி அவர் தோளில் போட்டேன். எலும்பு உடைந்த சத்தம் கேட்டது. பாவம் என்று எனக்கு இன்றுவரை தோன்றவில்லை. அந்த இரண்டு பேரும் என்னைக் கீழே தள்ளி விலாவில் மிதித்தார்கள். அவள் பக்கம் போகவிடாமல் அவர்கள் கால்களைக் கட்டிக்கொண்டேன்.

அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். எப்படி அடித்தோம் என்று அந்தக் காவலர் லத்தியால் மேசையில் அடித்துக் காட்டுகிற இடம் அது. '(மேசையில் அடி)' என்று பதினேழு முறை தட்டினாள். பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது தாள் பிரிண்டரிலிருந்து வந்தது.

எங்கள் இருவருக்கும் வேலை போனது. ஆனால் வாசகராக நூலகத்துக்குள் போவதை யாரும் தடுக்க முடியாதே. அடுத்த வாரம் அவள் மூக்கில் கட்டோடு அப்பாவை அழைத்து வந்தாள். அவர் வரிக்கு அடியில் விரலை வைத்து மெதுவாகப் படித்தார். பதினேழு அடியிலும் விரல் நின்று நின்று போனது. பிறகு காவலரின் கடைசிப் பேச்சு: 'குடிச்சிருந்தான்னு நாங்களாத்தான் எழுதினோம். செத்த பிறகுதான் வாயில சாராயத்த ஊத்தினோம். (சிரிப்பு)'

"அப்போ அவன் குடிக்கலையா?"

"இல்லப்பா."

அவர் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"அவன் மூஞ்சியப் பாத்திருக்கலாமேம்மா" என்றார்.