யார் வாயும் படாத ட்யூபா

பூங்கோதைக்கு மனிதர்களைப் பற்றி நல்ல அபிப்பிராயம் கிடையாது. கெட்ட அபிப்பிராயம் என்றும் சொல்லிவிட முடியாது. அபிப்பிராயம் வைத்துக்கொள்ளும் அளவுக்கு அவர்கள் தேறவில்லை, அவ்வளவுதான். வயது நாற்பத்தாறு. வங்காளத்துக் கிடர்பூர் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் பழைய கம்பெனி ஒன்றின் கிடங்கில் லாரிக்குப் போகும் மூட்டைகளை எண்ணுகிற வேலை. அந்தக் கம்பெனிக்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்து ஒரு பேண்டு உண்டு. பதினொரு பேர் கொண்ட அந்த பேண்டில் ட்யூபா ஊதுகிறவள் இவள்தான்.

அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கிரேன் ஓட்ட வந்தவர். மகளைச் சேர்த்த பள்ளிக்கூடத்தில் ஒரு பேண்டு இருந்தது. புல்லாங்குழலையும் மத்தளத்தையும் மற்றப் பெண்கள் பாய்ந்து எடுத்துக்கொள்ள, யாரும் தொடாமல் மூலையில் கிடந்த ட்யூபா இவள் தலையில் விழுந்தது. ஆளைவிடப் பெரிய பித்தளை ஊதுகுழல். "பொம்பளப் புள்ள கன்னத்தை உப்பிக்கிட்டு நிக்கிறது நல்லாவா இருக்கு?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் முதல் நாளே அடிவயிற்றிலிருந்து ஒரு ஸ்வரம் கிளம்பி வகுப்பு ஜன்னல்கள் கிடுகிடுத்தபோது, இதை விடுவதில்லை என்று பூங்கோதை முடிவு செய்துவிட்டாள். ஒரு கல்யாணமும் ஒரு விவாகரத்தும் வந்து போயின. ட்யூபா மட்டும் நின்றது.

போன வருஷம் விஸ்வகர்மா பூஜை ஊர்வலத்தில்தான் அவமானம் நடந்தது. கம்பெனியின் கிழட்டு ட்யூபா, அடியில் எம்-சீல் பூசி ஒட்டுப்போட்டது, லாரி ஸ்டாண்டு முன்னால் போகும்போது மூன்றாவது வால்வு சிக்கி எருமை கத்துகிற மாதிரி ஒரு சத்தம் போட்டுவிட்டு ஓய்ந்தது. கூலியாட்களெல்லாம் கைகொட்டிச் சிரித்தார்கள். அதைக்கூடப் பொறுத்திருப்பாள். பக்கத்தில் நடந்துகொண்டிருந்த நிர்வாக மேலாளர் மஹாதேவன், "பாவம், வயசாயிடுத்தோல்லியோ, மூச்சு பத்தலை" என்று நாலு பேர் காதில் விழும்படி சொன்னார். ஒரு வருஷமாக அந்த 'பாவம்' அவள் தொண்டையில் முள்ளாக நின்றது. புது ட்யூபா வேண்டும் என்று எட்டு மனு எழுதினாள். அலிப்பூர் தலைமை அலுவலகம் ஒருவழியாகச் சம்மதித்தது. இந்த வருஷ பூஜையில் நல்ல வாத்தியத்தை ஊதி, பழுது வாத்தியத்தில்தான், தன் மூச்சில் இல்லை என்று காட்டிவிட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பூஜைக்கு இன்னும் ஐந்து நாள். பைபாஸ் ஓரத்துக் கண்காட்சிக் கூடத்தில் இசைக்கருவி வியாபாரிகளின் சந்தை. மஹாதேவன் பன்னிரண்டு மணிக்கு வந்து கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. அவர் இருந்தால் காரியம் கெடும் என்பதால் பத்து மணிக்கே பஸ் பிடித்துப் போய்விட்டாள் பூங்கோதை.

உள்ளே ஒரே இரைச்சல். கிடார் வாசிக்கத் தெரியாத நானூறு பையன்கள் நானூறு கிடாரை ஒரே சமயத்தில் வாசித்தார்கள். ஹார்மோனியக் கடையில் சால்வை போர்த்திய ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, போனில் படம் எடுக்கிறார்களா என்று ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். ட்யூபா வைத்திருந்தது கோடியில் ஒரே ஒரு கடை. அங்கே ஒரு ஜோடி, ட்யூபாவின் வாய்க்குள் தலையை விட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. "எடுத்தாச்சுன்னா நகருங்க" என்று வங்காளியில் விரட்டினாள்.

கடைக்காரன் சந்தீப், சின்ன வயசு, கழுத்தில் அடையாள அட்டை. "வாங்க தீதி, யாருக்கு? பையனுக்கா?" என்றான்.

"எனக்கு."

அவன் அவளை மேலும் கீழும் பார்த்ததில் அவனும் தேறவில்லை. கைப்பையிலிருந்து, குழாயில் செருகி ஊதும் தன் சொந்த மவுத்பீஸை எடுத்துத் துடைத்தாள்.

நான்கு ட்யூபாக்கள் நின்றன. முதலாவது சிவப்புப் பிளாஸ்டிக். தூக்கக் கைக்கு லேசாக இருந்தது. ஊதினால் பிளாஸ்டிக் வாளிக்குள் தும்மின மாதிரி இருந்தது. "குளியலறையில வை" என்று திருப்பிக் கொடுத்தாள். இரண்டாவது தங்கம் மாதிரி பளபளத்தது. மேல் ஸ்வரங்களெல்லாம் மணிமணியாக வந்தன. கீழே இறங்க இறங்கக் காற்று எங்கோ கசிந்து, கடைசி ஸ்வரம் வெறும் பெருமூச்சாகப் போயிற்று. அதே ரகத்தில் சீல் வைத்த பெட்டி ஒன்றையும் பிரித்துக் காட்டச் சொன்னாள். அது இன்னும் மோசம். மூன்றாவதன் வால்வு அமுக்கினால் எழுந்திருக்க யோசித்தது, அரசாங்க ஆபீஸ் மாதிரி.

நான்காவதைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள். வெள்ளி முலாம். உடம்பெல்லாம் கொடியும் பூவும் மயிலுமாகச் செதுக்கி, கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி நின்றது. இப்படி அலங்காரம் செய்தவனுக்கு வாத்தியம் செய்யத் தெரிந்திருக்காது என்று அடித்துச் சொல்லியிருப்பாள். கடனே என்றுதான் வாயில் வைத்தாள்.

அந்த ஸ்வரம் காதில் விழவில்லை, காலில்தான் ஏறியது. தரை அதிர்ந்தது. இன்னும் கீழே போனாள். அங்கேயும் இடம் இருந்தது. மெதுவாக ஊதினாலும் கரைந்து போகவில்லை, அழுத்தினாலும் கிழியவில்லை. கிடார் பையன்களில் பத்திருபது பேர் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அரை மணி நேரம் விடவில்லை அவள்; நடுவில் உள்ளே தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டு மறுபடி ஊதினாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. மயிலைப் பார்த்து ஏமாந்தது தானே என்பதில் வெட்கமாகவும் இருந்தது. நாற்பத்தாறு வருஷத்தில் அவள் தப்பாக எடை போட்டுவிட்டதாக ஒத்துக்கொண்டது இந்த ஒன்றைத்தான்.

"இதுல ஒரே பீஸ்தான் தீதி. அடுத்தது வர ஆறு மாசம் ஆகும்" என்றான் சந்தீப்.

எதற்கும் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம் என்று பளபளப்பை மறுபடி கையில் எடுத்து ஊதினாள். குழாய்க்குள் தேங்கிய தண்ணீரை வடிக்க அடியிலிருந்த சாவியை அமுக்கினாள். சொட்டுச் சொட்டாக விழுந்தது. அந்த நேரம் பார்த்துத்தானா மஹாதேவன் வந்து நிற்க வேண்டும்!

அவருடையது லேக் கார்டன்ஸில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் குடும்பம். வெளியில் எங்கே போனாலும் தண்ணீர் பாட்டிலோடு போவார், அண்ணாந்துதான் குடிப்பார். கேண்டீன் கோப்பையை அவர் தொட்டு யாரும் பார்த்ததில்லை.

"என்னம்மா பண்றேள்? என்னது கீழ சொட்றது?"

"மூச்சுத் தண்ணி சார். உள்ள காத்துப் போனா வரும்."

"எச்சல்னு சொல்லுங்கோ!" இரண்டடி பின்னால் போனார். "கம்பெனிக்கு வாங்கறதுக்கு முன்னாலயே எச்சல் பண்ணியாச்சா? இது பூஜையில சுவாமி முன்னால வெக்கற வாத்தியம்."

"ஊதிப் பாக்காம எப்பிடி சார் வாங்குறது? கத்திரிக்காயக்கூட அமுக்கிப் பாத்துத்தான வாங்குறோம்? மவுத்பீஸ் என்னோடதுதான்."

"மவுத்பீஸ் உங்களோடது. உள்ள போன காத்து யாரோடது? அதான் கேக்கறேன்." தன் வாதத்தின் அழகில் அவருக்கே ஒரு சிரிப்பு வந்தது. "வாய் வெச்சது எதுவும் வேண்டாம். சீல் பிரிக்காத பெட்டி ஒண்ண எடுத்துண்டு கிளம்பலாம்."

பூங்கோதைக்குத் தெரியும்: சீல் பிரிக்காத பெட்டி என்றால் பளபளப்பின் தங்கச்சி. ஐந்து நாளில் லாரி ஸ்டாண்டு முன்னால் அதே பெருமூச்சு, அதே சிரிப்பு, அதே 'பாவம்'. இந்த மனிதருக்கு ஸ்வரம் புரியாது, கசிவு புரியாது. எச்சில் ஒன்றுதான் புரியும். சரி, புரிகிற பாஷையிலேயே பேசுவோம் என்று தோன்றிவிட்டது.

"எல்லாத்தையும் ஊதல சார்" என்றாள். "இதோ இந்த மூணுந்தான். அந்தப் பூப்போட்டது ரொம்பப் பகட்டா இருந்துச்சு, அதனால கிட்டவே போகல."

மஹாதேவன் மயிலைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "லட்சுமிகரமா இருக்கே! இதப் போய் வேண்டாம்னேளா?" உடனே சந்தீப் பக்கம் திரும்பி வங்காளியில் கேட்டார்: "இதை யாராவது ஊதினார்களா?"

சந்தீப் பூங்கோதையைப் பார்த்தான். தமிழ் புரியாவிட்டாலும் வியாபாரம் புரிந்தது. "ஏக்தம் ஃப்ரெஷ், சார்! யார் வாயும் படாதது" என்றான்.

கையெழுத்து ஆயிற்று. மஞ்சள் டாக்ஸியின் பின் இருக்கையை ட்யூபா பெட்டி அடைத்துக்கொள்ள, மிச்சத்தில் பூங்கோதை ஒடுங்கிக்கொண்டாள். மஹாதேவன் முன்னால். சிரிப்பை அடக்குவது அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது. எவ்வளவு சுலபமாக ஏமாறுகிறார்கள் இந்தப் படித்தவர்கள்!

பார்க் சர்க்கஸ் தாண்டும்போது மஹாதேவன் பாதி திரும்பினார். குரலில் தேன். "ஒண்ணு சொல்லணும், தப்பா எடுத்துக்காதீங்கோ. பூஜை அன்னிக்கு முதல் ஊது மட்டும் அக்கவுண்ட்ஸ் சௌந்தரராஜன் ஊதட்டும். ஆத்துல தினம் சங்கு ஊதறவன், ஆசாரமானவன். அதுக்கப்புறம் நீங்க எத்தன வேணும்னாலும் ஊதிக்கலாம். இத்தன சுத்தமா வாங்கிண்டு போறோமோல்லியோ."

சிரிப்பு எங்கே போயிற்றென்று தெரியவில்லை. காது மடல் எரிந்தது. முப்பது வருஷம் ஊதிய வாய். அது படவில்லை என்று பொய் சொன்னதால்தான் இந்த வாத்தியம் வண்டி ஏறியிருக்கிறது. சொன்னவள் அவளேதான்; சாமர்த்தியம் என்று சந்தோஷப்பட்டவளும் அவளேதான். ஊரில் யாரையும் மதிக்காதவள், தன் வாயைத் தானே தீட்டு என்று ஒளித்து வைத்திருக்கிறாள். உலகத்தில் யார் மேலும் வராத அருவருப்பு அவளுக்குத் தன் மேல் வந்தது.

சொன்னால் வண்டி திரும்பும். ட்யூபா போய்விடும்.

"சார், நான் பொய் சொல்லிட்டேன்" என்றாள். "இதத்தான் வாங்கணும்னு நெனச்சேன். அரை மணி நேரம் ஊதுனேன். தண்ணிகூட வடிச்சேன்."

டாக்ஸி மேம்பாலம் ஏறியது. மைதானம் போயிற்று, குதிரைப் பந்தயத் திடல் போயிற்று. திருப்பச் சொல்லும் வார்த்தைக்காக மஹாதேவன் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். திருப்பிக் கொடுப்பதென்றால் அலிப்பூருக்குக் காரணம் எழுத வேண்டும். 'ஊதப்பட்டிருந்தது' என்று ஒரு ஊதுகிற வாத்தியத்தைப் பற்றி எப்படி எழுதுவது? அந்தக் கணக்கெல்லாம் அவர் காதோரத்தில் வேர்வையாக ஓடிக்கொண்டிருந்தது.

ஹேஸ்டிங்ஸ் இறக்கத்தில் வாயைத் திறந்தார். டிரைவருக்குத் தமிழ் தெரியாது என்பதை மறந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஆபீஸ்ல இத யாரண்டயும் சொல்லிண்டிருக்க வேண்டாம்."

"வண்டியத் திருப்பலயா சார்?"

"எதுக்கு? தெரிஞ்சாத்தானே?"

அவள் இதற்குத் தயாராக இல்லை. கத்துவார், பிடுங்குவார், குளிக்க ஓடுவார் என்று நினைத்திருந்தாள். கோபித்துக்கொள்ளும் அளவுக்குக்கூட அவருக்கு அந்த எச்சில் தீட்டில் நம்பிக்கை இல்லை. இந்த மனிதர் பின்வாங்கிய அந்த இரண்டடிக்காகவா கூசிப்போய் நின்றோம் என்று ஆத்திரம் பொங்கியது.

"மொதல்ல நான்தான் ஊதுவேன்" என்றாள்.

"சௌந்தரராஜனண்ட நேத்தே சொல்லிட்டேனே..."

"அப்ப எல்லார்கிட்டயும் சொல்றேன்."

கிடர்பூர் பாலத்தில் லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றன. மஹாதேவன் பாட்டிலைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

"நீங்களே ஊதுங்கோ" என்றார், ஜன்னலைப் பார்த்தபடி. "ஆனா யாராவது கேட்டா, புதுசுன்னே சொல்லுங்கோ."

"யாரும் கேக்க மாட்டாங்க சார்" என்றாள் பூங்கோதை. "கேக்குறதுக்கு உங்கள மாதிரி வேற யாரும் நம்ம ஆபீஸ்ல இல்ல."