மாடி வீட்டு அக்கா செத்த முதல் எபிசோடு

அந்தத் துப்பறியும் தொடரின் முதல் சீசன், ஓட்டல் முதலாளியைக் கொன்றது யார் என்று காட்டாமலே முடிந்துவிட்டது. அதில் வரும் டாக்டர்தான் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் சொன்னேன். மூலக்குளத்திலிருந்து டவுனுக்குப் போகும் பஸ்ஸில் சொன்னேன். தொடரின் ரசிகர் குழுவில் தினமும் சொன்னேன். யாரும் என்னைக் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஒரு சாயங்காலம் எங்கள் மாடி வீட்டு அக்கா தலையெல்லாம் மணலாக வந்து நின்றார். அவருக்குத் தையல் கடையில் வேலை. கடற்கரையில் ஏதோ ஷூட்டிங்குக்கு, தொளதொளவென்றிருந்த ஜாக்கெட்டைப் பிடித்துத் தைத்துக் கொடுக்கப் போயிருக்கிறார். பிணமாக நடிக்க வேண்டியவர் வரவில்லை என்று இவரையே படுக்க வைத்துவிட்டார்களாம். விசாரித்தால், அது என் தொடர். இரண்டாம் சீசனின் முதல் எபிசோடு.

வேறு யாராக இருந்தாலும் வாழ்த்தியிருப்பார்கள். நான், "உங்களக் கொன்னது யாருக்கா?" என்றேன்.

"எனுக்கு இன்னாடி தெரியும்? கண்ண மூடிக்கினு கெடந்தேன்."

விடவில்லை. சுண்டல் செய்தால் கிண்ணத்தோடு மாடியேறினேன். பக்கத்தில் யார் நின்றார்கள், என்ன பேசினார்கள் என்று குடைந்தேன். என் தொல்லை தாங்காமல் ஒருநாள், "யாரோ குனிஞ்சாங்க. செண்டு வாசன கமகமன்னு வந்துச்சு, போதுமா?" என்றார்.

போதாதா? டாக்டர் செண்டு அடிக்காமல் ஒரு காட்சியில்கூட வந்ததில்லை. "படப்பிடிப்புக்கு நெருக்கமான வட்டாரத்திலிருந்து வந்த தகவல்" என்று குழுவில் எழுதினேன். அந்த வட்டாரம் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தது.

தொடர் வெளியான அன்று பார்க்கக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம் என்று அக்கா கேட்டுக்கொண்டார். அதுவரை போனைத் தொடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஞாயிறு மத்தியானம் அக்கா பட்டுப்புடவை கட்டி, புருஷனையும் மகளையும் கூட்டிக்கொண்டு முறுக்கோடு வந்தார்.

கடற்கரை. போலீஸ். வெள்ளைத் துணி மூடிய உடல். வெளியே தெரிந்தது இரண்டு பாதங்கள் மட்டும்.

"அம்மா!" என்று கத்தினாள் மகள்.

"அது உங்கம்மா காலு இல்ல," என்றார் புருஷன்.

"என் காலு எனுக்குத் தெரியாதா? கட்டை வெரலப் பாருய்யா!"

இந்தச் சண்டைக்கு நடுவில் இன்ஸ்பெக்டர் முக்கியமாக ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. பின்னால் ஓட்டினேன். மறுபடியும் பாதம், மறுபடியும் சண்டை. கடைசியில் அக்கா டிவிக்குப் பக்கத்தில் போய்த் தன் காலைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் புருஷன் ஒத்துக்கொண்டார். முகத்தைக் காட்டவில்லையே என்று வருத்தப்படுவார் என நினைத்தேன். அவரோ இன்னொரு முறை போடச் சொல்லி, "நல்லாத்தான் செத்திருக்கேன்," என்றார்.

அடுத்த காட்சியில் ஒரு கார் டிக்கியைத் திறந்தார்கள். உள்ளே இன்னொரு பிணம். டாக்டர்.

வாயில் வைத்த முறுக்கைக் கடிக்க மறந்து உட்கார்ந்திருந்தேன். "அப்ப அந்த செண்டு வாசன?" என்றேன், அழாத குறையாக.

"மேக்கப் போட்ட அம்மா அடிச்சிருந்தாங்க. நீ எங்க கேட்ட, ஆம்பளையா பொம்பளையான்னு?"

அதுவரை சமையலறையில் இருந்த என் கணவர் எட்டிப் பார்த்து, "யாருக்கு இன்னா ஆச்சு?" என்றார். "இவளோட டாக்டரு போயிட்டாரு," என்றார் அக்கா, துக்க வீட்டுக் குரலில். எல்லோரும் சிரித்தார்கள். நான் டீ போடுகிற சாக்கில் எழுந்து போனேன்.

அவர்கள் போன பிறகு போனைத் திறந்தேன். 'நெருக்கமான வட்டாரம் நலமா?' என்று குழுவில் முகம் தெரியாதவர்களெல்லாம் விசாரித்திருந்தார்கள். எபிசோடை முதலிலிருந்து தனியாகப் பார்த்தேன். டிக்கியில் கிடந்தவரின் முகத்தில் நிறுத்தி, பெரிதாக்கி, உற்றுப் பார்த்தேன்.

திங்கட்கிழமை கடையில் பில் போடும் பெண் என்னைப் பார்த்ததும் சிரித்தாள். "இன்னாக்கா, டாக்டரு செத்துட்டாராமே?"

"சாகல. செத்த மாதிரி நடிக்கறாரு," என்றேன். "கண்ணு இமை ஆடுச்சு, நான் பாத்தேன்."

அவள், மயக்கம் என்று வருபவர்களுக்குப் போடும் ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னாள்.