மாடத்திக்குக் கொடுக்காத பெரிய எழுத்து

மகள் புது வேலையில் சேர்ந்து, முதல் விசிட்டிங் கார்டை என் கையில் கொடுத்தாள். பெயருக்குக் கீழே நீளமாக ஒரு பதவி. ஒவ்வொரு சொல்லும் கேப்பிட்டல் எழுத்தில் தொடங்கி நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறது. கிண்டல் செய்யப் போனவன் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அந்த யோக்கியதை கிடையாது. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

எழுபதுகளில் பள்ளிவாசல் என்ற மலை ஊர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கிளார்க்காக இருந்தேன். கொழிஞ்சாம்பாறை வெயிலில் வளர்ந்த எனக்கு அந்தக் குளிர் பெரிய தண்டனை. டைப் அடிக்கும் தாள்கூட அப்பளம் மாதிரி நமத்துப்போகும். ஈர ரிப்பன் வாசம் இன்னும் மூக்கில் இருக்கிறது.

இங்கிலீஷில் பதவி, ஆளின் பெயருக்கு முன்னால் ஒட்டி வந்தால் பெரிய எழுத்து. வேலையைச் சும்மா சொன்னால் சின்ன எழுத்து. டைப்ரைட்டிங் வகுப்பில் படித்ததுதான். ஆனால் எங்கள் துரையின் பதவியான மானேஜர் என்று எங்கே வந்தாலும் என் சுண்டுவிரல் தானாகப் பெரிய எழுத்துக் கட்டையை அமுக்கிவிடும். யாரும் சொல்லவில்லை. உட்கார்ந்தபடியே கும்பிடு போட்டேன், அவ்வளவுதான்.

கொழுந்து பறிக்கும் பெண்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயா மாடத்தி. வேலைக்காலம் முடிந்து சங்கரன்கோவில் பக்கம் தம்பி வீட்டுக்குப் போக இருந்தாள். நான் இங்கிலீஷில் டைப் அடித்த சர்வீஸ் சர்ட்டிபிகேட்டைக் கொடுத்தேன். தன் வேலை எங்கே, துரை வேலை எங்கே என்று கேட்டு, இரண்டிலும் விரல் வைத்துப் பார்த்தாள்.

"தொரை வேலை நெட்டையா நிக்குது. எனக்கு மட்டும் ஏன்யா குட்டையாப் போட்டிருக்கீய?"

"இங்கிலீஷ்ல அதான் சட்டம். படிக்கத் தெரியாத உனக்கு எதுக்கு இதெல்லாம்?"

"எந்தம்பி பொண்டாட்டி என்னைய மலைக்கூலின்னுதான் சொல்லுவா. அவகிட்ட காட்டணும்யா. ஒரு எழுத்துதான, பெருசாக்கித் தாங்களேன்."

"மறுபடி அடிச்சு தொரைகிட்ட கையெழுத்துக்கு நிக்க முடியாது. போ."

அம்மா வயசுக்காரியைப் போ என்றேன். அவள் தாளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, "சரிங்கய்யா" என்று போனாள். சட்டமாம்! அதே தாளில் பெயரோடு ஒட்டாமல் நடுவரியில் வந்த மானேஜருக்கு நான் எந்தச் சட்டமும் பார்க்கவில்லை.

அன்று மத்தியானம், எனக்குப் பெண் கொடுப்பதாக இருந்த பாலக்காட்டுக்காரருக்கு இங்கிலீஷில் கடிதம் அடித்தேன். நான் ஒரு எஸ்டேட்டில் கிளார்க் என்று ஒரு வரி. அந்தக் கிளார்க்குக்குப் பெரிய எழுத்து போட்டேன். தவறென்று தெரிந்தேதான் போட்டேன்.

மாடத்தி பஸ் ஏற இன்னும் மூன்று நாள் இருந்தது. ஒரு தாள், பத்து நிமிஷ வேலை. நான் அடித்துக் கொடுக்கவில்லை. எழுதவே கூசுகிறது.

அந்த ஆபீஸை இடித்துவிட்டார்கள். துரை பங்களாவில் சுற்றுலாக்காரர்கள் தங்குகிறார்கள். குழந்தைகள் தொட்டிலில் கிடந்த கொட்டகை இருந்த இடம்கூடத் தெரியவில்லை. மாடத்தி எப்போது செத்தாளோ. அந்தத் தாளைத் திருத்திக் கொடுக்க இப்போது எனக்கு மனசிருக்கிறது. வாங்கிக்கொள்ளத்தான் அவள் இல்லை.