முருங்கையடியில் கிடந்த எண்பது முழம்

எங்கள் வளவுக்கும் பள்ளிக்கூட மைதானத்துக்கும் நடுவில் ஒரு வேலிதான். அந்த வேலியில் என் கண் உயரத்துக்கு ஓர் ஓலை விலகியிருக்கும். இத்தனை வருட விளையாட்டுப் போட்டிகளையும் நான் அந்த இடைவெளியால்தான் பார்த்திருக்கிறேன். அழைப்பிதழ் வரும், முன்வரிசையில் இரண்டு கதிரையும் போடுவார்கள். ஒன்றில் இவர் இருப்பார், மற்றதில் இவருடைய குடை இருக்கும். எனக்குச் சபையில் போய் இருந்தால் கையை எங்கே வைப்பதென்று தெரியாது. வேலிக்கு இந்தப் பக்கம் என்றால் கையில் விளக்குமாறு இருக்கும்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர். முன்வரிசைக் கதிரை ஏன் என்றால், அந்த மைதானம் இவருடைய அப்பா பள்ளிக்கூடத்துக்குத் தருமமாக எழுதிக் கொடுத்த காணி. மைதானத்து வாசல் தூணில் அவருடைய பெயரைச் சீமெந்தில் பொறித்திருக்கிறார்கள். யுத்தத்தில் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை, கிணற்றில் பாதி மண். அந்தத் தூண் மட்டும் அசையாமல் நின்றது. இவர் முதலில் போய் அதைத்தான் துடைத்தார்.

அந்த வருடம் மாரி தொடங்க வேலி போட்டோம். எல்லைக்கல்லுக்கு நேராகப் பூவரசங் கிளைகளை வெட்டிக் கதியால்களாக நட்டு, பனையோலை வைத்துக் கட்டினோம். அது சரியான வேலி. கதியாலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். அடுத்த மாரிக்குள் நாலைந்து கதியால் பட்டுப்போயின. பட்டதைப் பிடுங்கிவிட்டுப் புதியதை நடும்போது இவர் ஒரு சாண் முன்னால் நட்டார். பிறகு தூரத்தில் போய் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"இஞ்சேர், வேலி வளைஞ்சு கிடக்கு. நேராக்கவேணும்."

நேராக்குவது என்றால், பின்னால் நிற்கிற கதியாலை முன்னால் நிற்பதோடு சேர்ப்பது. முன்னால் நிற்பதைப் பின்னுக்குக் கொண்டுபோய் நேராக்கிய வேலியை நான் இந்தத் தீவில் காணவில்லை. ஒவ்வொரு மாரிக்கும் கதியால் பட்டது, வேலி வளைந்தது, இவர் நேராக்கினார். ஒருமுறை மட்டும் கேட்டேன்.

"அது பள்ளிக்கூடத்துக் காணியெல்லே?"

"அப்பா குடுக்கேக்க கொஞ்சம் கூடக் குடுத்திட்டார்."

எல்லைக்கல் மெல்ல மெல்ல எங்கள் வளவுக்குள் வந்துவிட்டது. அதற்குப் பக்கத்தில், வேலிப் பக்கமாக, ஒரு முருங்கைத் தடியை ஊன்றினேன். அது மரமாகிக் காய்த்தது. அந்தக் கல்லில் வைத்துத்தான் நான் மீன் வெட்டுவேன்.

மைதானத்தில் ஓடுகிற கோட்டை வருடா வருடம் தை மாதத்தில் சுண்ணாம்பால் போடுவார்கள். ஒரு பக்க வளைவு பள்ளிக்கூடக் கட்டடத்தடியில் வரும். மற்ற வளைவு எங்கள் வேலியடியில் வரும். வேலியிலிருந்து ஆறு அடி விட்டுக் கோடு போடவேண்டும் என்பது எந்தக் காலத்திலோ பள்ளிக்கூடத்தை நடத்திய ஓர் அதிபர் சொல்லிவைத்த சட்டம். கோடு போடுகிறவர் வேலியில் நாடாவின் தலைப்பைப் பிடித்து அந்த ஆறு அடியை அளப்பார். அதில் அரை அங்குலம் பிழைக்க விடமாட்டார். முழுச் சுற்றை ஒருவரும் அளந்ததில்லை. ஒரு சுற்று இருநூறு மீற்றர் என்று அலுவலகச் சுவரிலேயே எழுதியிருக்கும்போது அதை ஏன் அளக்கவேண்டும் என்று விட்டிருப்பார்கள்.

வேலி வருடத்துக்கு ஒரு சாண் போக, கோடும் ஒரு சாண் போயிற்று. எங்கள் பிள்ளைகள் வருடத்துக்கு வருடம் கெதியாக ஓடத் தொடங்கினார்கள்.

நூறு மீற்றரைக் குறுக்கால் நாடா பிடித்து அளந்து ஓடுவார்கள். அதில் பிள்ளைகள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். நாலு சுற்று ஓடுகிற எண்ணூறு மீற்றரிலும், ஏழரைச் சுற்று ஓடுகிற ஆயிரத்து ஐந்நூறிலும்தான் ஒவ்வொரு வருடமும் சாதனை உடைந்தது. அதிபர் ஒலிபெருக்கியில் காரணம் சொல்லுவார். ஒரு வருடம் காலைச் சாப்பாட்டுத் திட்டம் காரணம். ஒரு வருடம் கனடாவிலிருந்து பழைய மாணவர்கள் அனுப்பிய சப்பாத்து. முதல்நாள் அர்ச்சனையைச் சொல்ல மறந்துவிட்டார்கள் என்று கோயில் ஐயருக்கு ஒரு வருடம் மனவருத்தம். இவர் முன்வரிசையில் இருந்து எல்லாவற்றுக்கும் கைதட்டுவார்.

அதே பிள்ளைகள் யாழ்ப்பாணத்துக்கு வலயப் போட்டிக்குப் போனால் கடைசியில் வருவார்கள். அதற்கும் காரணம் இருந்தது. பஸ்ஸில் குலுங்கிப் போன களைப்பு. கடலைக் கடக்கிற பண்ணைப் பாலத்துக் காற்று. அந்த ஊர்த் தண்ணீர். ஒரு வருடம் ஓர் ஆசிரியர், யாழ்ப்பாணத்து மைதானம் அளவுக்கு மிஞ்சிப் பெரிது என்று சொன்னார். இருபது வருடத்தில் அவர் ஒருவர்தான் கிட்ட வந்தார். எல்லாரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு வளவைக் கூட்டிக்கொண்டிருந்தேன். வெற்றிக் கப்பில் பெயர் வெட்டுகிற செலவுக்கு மேல் யாருக்கும் ஒரு நட்டமும் இல்லை என்று நினைத்தேன். போன வருடம் அந்தப் பெட்டை வந்து சொல்லும் வரைக்கும்.

அவள் வீதிக்கு அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளை. அவர்களுடைய கிணறு உவர். குடிக்கிற தண்ணீருக்கு இரண்டு பிளாஸ்டிக் கானோடு தினமும் எங்கள் கிணற்றுக்கு வருவாள். பதினேழு வயது. நடந்து வந்து நான் கண்டதில்லை. நிறைந்த கானோடும் ஓட்டம்தான்.

"ஆச்சி, எண்ணூறு மீற்றருக்கு இண்டைக்கு எவ்வளவு தெரியுமோ? ரெண்டு முப்பத்திநாலு!"

"அது நல்லதோ பிள்ளை?"

"நல்லதோவோ? அட்டையில ரெண்டு நாப்பதெண்டுதான் கிடக்கு. எனக்கு ஆறு செக்கன் மிச்சம்!"

அட்டை என்றது, விளையாட்டு ஆசிரியர் சுவரில் ஒட்டிவைத்திருந்த தகுதி நேரங்களை. இன்ன ஓட்டத்தை இத்தனை நிமிடத்துக்குள் ஓடினால்தான் வலயத்துப் பயிற்சி அணிக்கு எடுப்பார்கள் என்று அதில் இருந்தது. எடுபட்டால் யாழ்ப்பாணத்தில் விடுதி, சாப்பாடு, நல்ல பள்ளிக்கூடம். அடுத்த வருடம் அவளுக்கு வயது கூடிவிடும். இந்த ஒரு தடவைதான். எடுபடாவிட்டால் ஓடினது காணும், தையல் பழகப் போ என்று தாய் சொல்லிவிட்டாளாம்.

"தெரிவுக்கு இன்னும் ரெண்டு கிழமை கிடக்கு ஆச்சி. இனி மெல்லமா ஓடினாக் காணுமெண்டு விளையாட்டுச் சேர் சொல்லிப்போட்டார். காலைச் சேமிச்சு வைக்கட்டாம்."

அவள் போன பிறகு மீன்சட்டியை மூடி வைத்துவிட்டு, கல்லிலிருந்து வேலிவரைக்கும் முழம் போட்டேன். பத்து முழம். திரும்பவும் போட்டேன், பத்துத்தான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், ஆனாலும் வாய்ப்பாடு மறக்கவில்லை. வளைவுக்குப் போகப் பத்து, வரப் பத்து. ஒரு சுற்றுக்கு இருபது, நாலு சுற்றுக்கு எண்பது முழம். கொடிக்கயிற்றால் எண்பது முழத்தை வீட்டு வாசல் ஒழுங்கையில் அளந்துவைத்தேன். அடுத்த நாள் அவள் வந்தவுடன், "இதில இருந்து அந்த மதகு மட்டும், எண்ணூறு ஓடுற வேகத்தில ஒருக்கா ஓடு பாப்பம்" என்றேன். கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைப் பார்த்து அவளே சொன்னாள், ஏழு செக்கன் என்று.

முப்பத்திநாலும் ஏழும் நாற்பத்தொன்று. எத்தனை தரம் கூட்டினாலும் நாற்பத்தொன்றுதான் வந்தது. அட்டையில் இருந்தது நாற்பது.

சொல்லிவிடுவதென்று அன்று பின்னேரமே அதிபரிடம் போனேன். வெறுங்கையோடு போகக் கூச்சமாக இருந்ததால் ஒரு கட்டு முருங்கைக்காய் கொண்டுபோனேன்.

"வாங்கோ அம்மா, வாங்கோ! இருங்கோ. தேத்தண்ணி குடிக்கிறியள்தானே?"

"இல்லை... அந்த வேலி..."

"வேலியோ? பந்து விழுந்து ஓலை முறிஞ்சுபோச்சோ? நான் பிள்ளையளுக்குச் சொல்லுறனான். உங்கட குடும்பம் தந்த காணியில நிண்டுகொண்டு உங்கட வேலியையே முறிக்கலாமோ எண்டு."

"அதில்லை ஐயா. ஓடுற கோடு..."

"கோடு! கண்டனீங்களோ இந்தமுறை? ரெண்டு முப்பத்திநாலு! இருபது வருசத்தில ஒரு வருசம் நாங்கள் பின்னுக்குப் போகேல்லை அம்மா. யாழ்ப்பாணத்தில எந்தப் பெரிய பள்ளிக்கூடம் இப்பிடிச் சொல்லும், கேட்டுப் பாருங்கோ."

முருங்கைக்காயைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்தார். "நல்ல சதை. உங்கட வளவுக் காயோ?"

"இல்லை ஐயா, இது உங்கட காய்தான்" என்றேன்.

அதை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டு எழுந்து கும்பிட்டார். அதற்குள் தேநீர் வந்துவிட்டது. குடித்துவிட்டு, பரிசளிப்பு விழா அழைப்பிதழ் ஒன்றையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை இவர் கோயிலுக்குப் போன நேரம் கத்தியை எடுத்து வேலியோலையை அறுத்து, நுழைந்து போக இரண்டு பொட்டு வெட்டினேன். ஆள் குனியாமல் போகிற அளவுக்கு வெட்டினேன். பின்னேரம் பிள்ளை தண்ணீருக்கு வந்தாள்.

"இனிப் பழகேக்க வேலியடியில திரும்பாதை. இந்தப் பொட்டால உள்ள வந்து, அந்தக் கல்லைச் சுத்தி, மற்றப் பொட்டால வெளிய போ."

"ஏன் ஆச்சி?"

நான் கல்லைக் காட்டினேன். அவள் கல்லடிக்குப் போய்க் காலால் மீன்செதிலைத் தட்டினாள். நில அளவைக்காரர் வெட்டிய அடையாளம் தெரிந்தது. கல்லைப் பார்த்தாள், வேலியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஐயோ ஆச்சி! எங்கட சாதனையெல்லாம் உங்கட முருங்கையடியிலயோ கிடக்கு?"

"கத்தாதை."

"அப்ப என்ர ஆறு செக்கன்?"

"அதுவும் இஞ்சதான் கிடக்கு."

அன்று அப்படி ஓடிப் பார்த்தாள். இரண்டு நாற்பத்திமூன்று. வேலியடி ஆறு அடியையும் சேர்த்து ஓடியதால் என் கணக்குக்கும் மேல் இரண்டு செக்கன். கிணற்றுக்கட்டில் இருந்து முகத்தைப் பாவாடையால் மூடிக்கொண்டு அழுதாள். அவளுடைய இரண்டு கானையும் நானே நிரப்பி வைத்தேன். அவள் எழும்பி, தண்ணீரை அப்படியே வைத்துவிட்டு, திரும்பவும் ஓடப் போனாள்.

இவர் அடுத்த நாள்தான் கண்டார்.

"இஞ்சேர்! வேலியில ரெண்டு பொட்டு!"

"ஆடு முறிச்சிருக்கும்."

"நாங்கள் ஆடு வளக்கேல்லையே."

"ஊராற்ற ஆடாக்கும்."

"ஊராற்ற ஆடு கத்தியோடயோ திரியுது?"

நான் குசினிக்குள் போய்விட்டேன். பின்னேரம் இவர் விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு ஆட்டுக்குக் காவல் இருந்தார். ஒரு பொட்டால் பிள்ளை வந்தாள், கல்லைச் சுற்றினாள், மற்றப் பொட்டால் போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் வந்தாள். நாலாவது தரம் அவள் சுற்றும்போது இவர் கதிரையை விட்டு எழும்பினார். இன்றைக்குச் சண்டைதான் என்று நான் பானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவர் கல்லடிக்குப் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தார்.

"கல்லை வடிவாக் கழுவிவிடும். செதிலில பிள்ளை வழுக்கப்போகுது" என்றார்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து தெரிவு நாள் வரைக்கும் மீனை நான் கிணற்றடியில் வைத்து வெட்டினேன்.

தெரிவுக்குப் போன பிள்ளை பொழுதுபட வந்தாள். படலையால் வராமல் பொட்டால்தான் வந்தாள்.

"ரெண்டு முப்பத்தொன்பது, ஆச்சி! எடுத்திட்டினம்! கடைசியில மூச்சு நிக்கப் பாத்துது. இனி முருங்கையடிதானே, இனி முருங்கையடிதானே எண்டு ஓடினனான்."

வாளியைக் கிணற்றில் விட்டு அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் அள்ளினேன்.

பள்ளிக்கூடத்தில் செத்தவீடு போல இருந்ததாம். சொந்த மைதானத்தில் முப்பத்திநாலு ஓடின பிள்ளை ஐந்து செக்கன் பின்னுக்குப் போய்விட்டதே என்று அதிபர் ஆசிரியர்களைக் கூட்டி விசாரணை வைத்தார். எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பிள்ளை அணிக்கு எடுபட்டது அதுதான் முதல் தடவை என்பது இரண்டு நாள் கழித்துத்தான் அவர்களுக்கு விளங்கியது. விளங்கியவுடன், அவள் எங்கள் வளவுக்குள்ளால் ஓடிப் பழகியதைக் கண்டிருந்த விளையாட்டு ஆசிரியர் கனடாவுக்குக் கடிதம் எழுதினார். வளவுகளினூடாக ஓடவிடும் ஒரு புதிய பயிற்சி முறையைத் தான் கையாண்டதாகவும், அதற்கு நிரந்தரமான பாதை வேண்டும் என்றும் எழுதினாராம்.

அதிபரும் அவரும் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

"ஐயா, வேலியடியில ஒரு பத்து முழம் விட்டுத்தந்தால், பிள்ளையளுக்குப் பெரிய உதவி."

இவர் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் யோசித்தார். பத்து முழத்துக்கு இவ்வளவு யோசனையா என்று நானே மலைத்துப்போனேன்.

"அப்பா குடுத்தவர்" என்றார் கடைசியில். "நான் குடுக்காமல் விடலாமோ?"

அந்த மாரிக்கு வேலி எல்லைக்கல்லுக்கு நேராகத் திரும்பி வந்தது. என் முருங்கை அந்தப் பக்கம் போய்விட்டது. வாசல் தூணில் இவருடைய அப்பாவின் பெயருக்குக் கீழே இவருடைய பெயரையும் பொறித்தார்கள். இவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எனக்கும் ஒன்று வைத்திருந்தார்களாம், ஆளைக் காணவில்லை என்று இவரிடமே கொடுத்துவிட்டார்கள்.

இந்தத் தை மாதம் புதிய வேலியிலிருந்து ஆறு அடி அளந்து கோடு போட்டார்கள். போட்டியன்று அந்தப் பிள்ளை விடுதியிலிருந்து வந்து என்னோடு ஓலை இடைவெளியில் நின்றாள். எண்ணூறு மீற்றரில் முதலாவதாக வந்த பிள்ளைக்கும் போன வருடத்தை விட ஏழு செக்கன் கூட எடுத்தது. ஆயிரத்து ஐந்நூறைச் சொல்லவே வேண்டாம். அதிபர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"காணி கூடியிருக்கு. சப்பாத்துக் கூடியிருக்கு. அப்ப நேரம் ஏன் கூடவேணும்? எல்லாம் இந்தக் கைத்தொலைபேசி செய்யிற வேலை!"

முன்வரிசையில் இவர் ஓம் ஓம் என்று தலையாட்டினார். பக்கத்தில் நின்ற பிள்ளை வாயைத் திறந்து சிரிக்கத் தொடங்கினாள். நான் அவள் வாயைப் பொத்தினேன். பொத்தியும் நிற்கவில்லை, வேலியோலை எல்லாம் ஆடியது. முன்வரிசையில் இவர் விரித்துப் பிடித்திருந்த குடை மெல்லத் திரும்பி எங்கள் பக்கம் பார்த்தது.