பதிமூன்று செவ்வாய்

இஞ்ஞாசியம்மாள் எதையும் பாதியில் விட்டவள் இல்லை. ஒருசந்தி என்றால் ஒருவேளைச் சாப்பாடுதான், நேர்ச்சை என்றால் நேர்ச்சைதான். திண்டுக்கல்லில் அவள் தெருவே அதற்காக அவளை மெச்சியது. அந்த நல்ல குணம்தான் அவள் குடியைக் கெடுத்தது.

அவள் புருஷன் மிக்கேல்ராஜுக்குத் தோல் ஷாப்பில் வேலை. அறுபத்தொன்றாம் வருஷம், தோல் பதனிட ஆவாரம்பட்டை அரைக்கும் இயந்திரம் அவன் வலது கையை முழங்கை வரை வாங்கிக்கொண்டது. நஷ்ட ஈடு கேட்டபோது கம்பெனி வாய் கூசாமல் சொன்னது: அவன் எங்கள் ஆள் இல்லை, காண்டிராக்டர் சடையாண்டியின் ஆள். ஆள் பதிவேட்டில் அவன் பெயரும் இல்லை. கூலியை எப்போதும் சடையாண்டி கையால் கொடுக்க வைத்த சூட்சுமம் அன்றைக்குத்தான் புரிந்தது. மதுரையில் விசாரித்த அதிகாரியும் சடையாண்டியே பொறுப்பு என்று தீர்ப்பு எழுதிவிட்டார். சடையாண்டிக்கு இருந்த சொத்து ஒரு சைக்கிள். அதை மிதித்துக்கொண்டு கொடைரோட்டுப் பக்கம் போனவன்தான், ஆளைக் காணோம்.

"சூட்டோட சூடா அப்பீல் போட்ருவோம், தீர்ப்ப எடுத்துட்டு வாங்கம்மா" என்றார் தொழிற்சங்கச் செயலாளர் நூர் அகமது. எத்தனை நாளைக்குள் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. தீர்ப்போ இங்கிலீஷில் இருந்தது.

மிக்கேல்ராஜ் மறுநாளே கிளம்பி நின்றான். அவள்தான் மறித்தாள். "இம்புட்டு நாளும் மனுசங்கள நம்பித்தேன் போனோம். இந்தவாட்டி அந்தோனியார்ட்ட சொல்லிட்டுப் போவோம்."

வீட்டில் இருந்த அந்தோனியார் சுரூபத்துக்கு அடியில் தீர்ப்பை வைத்தாள். பதிமூன்று செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போய் மெழுகுதிரி ஏற்றி முடிக்கிறவரை அந்தக் காகிதத்தைத் தொடுவதில்லை என்பது நேர்ச்சை. அரைமனதாக அவனும் கூடவே போனான். கடைசிச் செவ்வாய்க்கு மறுநாள், காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அவள் சங்கத்துக்குப் போனாள்.

நூர் அகமது தேதியைப் பார்த்தார். விரல்விட்டு எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"ஏம்மா, அறுபது நாளுக்குள்ள மெட்ராஸ் ஹைக்கோர்ட்டுல போட்டிருக்கணும். எம்பத்தெட்டு நாள் ஆயிப்போச்சே."

"இருபத்தெட்டு நாள்தான பாய் கூட?"

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஜெயிக்கிற கேசும்மா இது. நடுவுல காண்டிராக்டர வச்சாலும் கம்பெனிதான் பொறுப்புன்னு சட்டத்துலயே இருக்கு." பேனாவை எடுத்தார். "தாமதத்துக்கு நல்ல காரணம் காட்டுனா கோர்ட்டு ஏத்துக்கிடும். அவரு படுத்த படுக்கையாக் கெடந்தார்னு எழுதட்டுமா?"

"கம்பெனிக் கணக்கப்பிள்ளை ராயப்பராஜ், பதிமூணு வாரமும் எங்க பக்கத்துலதேன் பாய் முழங்கால் போட்டிருந்தாரு."

கடைசியில் உள்ளதை உள்ளபடியே எழுதி அனுப்பினார்கள். மூன்றாம் மாதம் ஒற்றை வரியில் தள்ளுபடி என்று வந்தது.

அன்று மிக்கேல்ராஜ் அடிக்க வருவான் என்று அவள் காத்திருந்தாள். அடித்தால் தேவலை என்றிருந்தது. "நாந்தேன் கெடுத்தேன். ரெண்டு வார்த்த வஞ்சுருங்க" என்று கெஞ்சினாள்.

அவன் வையவில்லை. தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப, பதினாலு வருசமா நான் யாருக்கு வேல பாத்தேன், இஞ்ஞாசி?" என்று கேட்டான்.