குதிரைக்கு விரித்த ரப்பர்

கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட என் கணவர் ஒரு வெள்ளைக் குதிரை வைத்திருந்தார். லாயத்தின் சிமெண்ட் தரையில் அது வழுக்கி விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையே ரப்பர் விரிப்பு வாங்க வேலூருக்குப் போனோம்.

கடையில் அவர் பளபளப்பான ஒன்றைத் தடவிப் பார்த்தார். நான் ஆம்பூர் ஷூ கம்பெனியில் சோல் ஒட்டுகிறவள்; எந்த ரப்பர் வழுக்கும் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் கேட்டு வாங்கி அதன்மேல் ஊற்றி, "ஏறி நில்லுங்க" என்றேன். அவர் கால் வழுக்கியது.

"இன்னாம்மா, குதிரைக்கா, இவருக்கா?" என்று கடைக்காரர் சிரித்தார். சொரசொரப்பான, கனத்த விரிப்பை எடுத்துக்கொண்டோம்.

லாயத்திலேயே அதை விரித்து, ரப்பரில் சிக்காமலிருக்கக் கத்தியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து நனைத்து நான் வெட்டினேன். வெயிலில் ரப்பர் விரியும் என்பதால், சுவரோரம் விரலளவு இடம் விட்டு அவர் பொருத்தினார்.

குதிரை வாசலிலேயே நின்றுவிட்டது. இழுத்தும் வரவில்லை. கடைசியில் அவரே உள்ளே போய் விரிப்பின்மேல் மல்லாந்து படுத்தார்.

"வாடா கண்ணு, மெத்துன்னு கீது பாரு."

அது தலையைத் தாழ்த்தி அவர் சட்டையை முகர்ந்தது. ஒரு காலை வைத்தது, பிறகு மறுகாலை.

அந்தக் குதிரை இறந்து நாலு வருஷமாகிறது. அன்று அவர் முதுகெல்லாம் சோப்புத் தண்ணீரோடு எழுந்து வந்ததையும், இருவரும் லாயத்து வாசலில் உட்கார்ந்து சிரித்ததையும் இப்போதும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.